புது வீட்டுக்குக் குடிவந்தவர்களுக்குக் கரண்ட் பில் வழிகாட்டி

தமிழ்நாட்டில் புது வீட்டுக்குக் குடிபோனதும் பால் காய்ச்சுகிறோம், கேஸ் இணைப்பை மாற்றுகிறோம், தண்ணீர் கேன் போடுபவரின் நம்பரை வாங்கி வைக்கிறோம். மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் மீட்டரை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு மாதம் கழித்து எதிர்பாராத தொகைக்கு பில் வந்ததும்தான் அது நினைவுக்கு வருகிறது. உடனே கோபமாக இ.பி. ஆபீஸுக்குப் போகிறோம். அங்கே "யூனிட் ஓடியிருக்கு, நாங்க என்ன பண்றது" என்கிறார்கள். பதில் சொல்ல நம் கையில் ஒன்றும் இருப்பதில்லை. திரும்பி வந்து பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

பல வருடமாக வாடகை வீடுகளில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கரண்ட் பில் தகராறில் கவுன்டரில் எவ்வளவு சத்தம் போட்டோம் என்பதற்கு மதிப்பே இல்லை. தேதியோடு எடுத்த மீட்டர் போட்டோ ஒன்று இருந்தால் பேச்சே வேறு மாதிரி போகும். கீழே சொல்லியிருப்பதில் பெரும்பாலானவை அந்தப் போட்டோவை எப்போது எடுப்பது, எப்படிப் பயன்படுத்துவது என்பது பற்றித்தான்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

வீட்டுக்காரரிடம் மின் இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சர்வீஸ் நம்பர் என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும். இதில் முதல் இரண்டு இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். 01 என்றால் சென்னை வடக்கு, 09 என்றால் சென்னை தெற்கு, 03 கோவை, 05 மதுரை. அடுத்த மூன்று இலக்கம் உங்கள் பிரிவு அலுவலகம், அதற்கடுத்த மூன்று பகிர்மானம், கடைசியில் வருவது உங்கள் இணைப்பு. இந்த எண் கையில் இல்லாமல் புகாரும் பண்ண முடியாது, பில்லையும் பார்க்க முடியாது.

அப்புறம் மீட்டரை அடையாளம் காணுங்கள். நான்கு போர்ஷன் இருக்கும் வீட்டில் நான்கு மீட்டர் வரிசையாக இருக்கும். எது உங்களுடையது என்று வீட்டுக்காரர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். அவர் காட்டும் மீட்டருக்குரிய மெயின் ஸ்விட்சை அவரையே கூட வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் எல்லாம் அணைய வேண்டும், பக்கத்து வீட்டில் எதுவும் அணையக் கூடாது. மீட்டரில் அச்சிட்ட வரிசை எண்ணும் பில்லில் இருக்கும் மீட்டர் எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள்.

சரி, இப்போது போட்டோ. திரையில் மாறி மாறி வரும் எண்களில் கிலோவாட் மணி (kWh) என்ற அலகோடு வருவதுதான் நாம் செலவழித்த யூனிட். தேதி, நேரம், வோல்ட்டேஜ், உச்ச தேவை எல்லாம் அதே திரையில் சுற்றி வரும். அதனால் அவசரத்தில் வேறு எண்ணைப் படம் எடுத்துவிடாதீர்கள். மீட்டர் எண்ணும் யூனிட்டும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து, வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இன்று இந்த ரீடிங்கிலிருந்து நாங்கள் பயன்படுத்துகிறோம் சார்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். முந்தைய குடித்தனக்காரரின் யூனிட் உங்கள் தலையில் விழாமல் இருக்க இந்த ஒரு வரி போதும்.

பழைய பாக்கி இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள். மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்திலோ செயலியிலோ சர்வீஸ் நம்பரைப் போட்டால் தெரியும். வீட்டை விலைக்கு வாங்குபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு கட்டடத்தின் பழைய மின்கட்டண பாக்கியை, விதிமுறையில் இடமிருந்தால், புது உரிமையாளரிடமிருந்தும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. பத்திரப் பதிவுக்கு முன் வில்லங்கச் சான்று பார்ப்பது போல இதையும் பாருங்கள். வாங்கிய பிறகு பெயர் மாற்றத்தையும் தள்ளிப் போடாதீர்கள். முன்வைப்புத் தொகையும் அதற்கு வருடா வருடம் வரவு வைக்கப்படும் வட்டியும் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன.

கடைசியாக, உங்கள் செல்போன் எண்ணை அந்த இணைப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பல வீடுகளில் பில் குறுஞ்செய்தி எங்கோ வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் போகும், அவர் பார்க்கமாட்டார், கெடு தாண்டிய பிறகு லைன்மேன் வந்து நிற்பார்.

எந்த அலுவலகம், யார் பொறுப்பு

பழக்கத்தில் எல்லோரும் இ.பி. என்றும் மின்வாரியம் என்றும் சொல்கிறோம். தமிழ்நாடு மின்சார வாரியம் 1957இல் தொடங்கியது. 2010இல் அது பிரிந்து, மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் வந்தது. 2024இல் அதுவும் பிரிக்கப்பட்டு, இப்போது வீடுகளுக்கு மின்சாரம் தருவதும் பில் போடுவதும் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பெயர்ப் பலகையில் எது எழுதியிருந்தாலும் நீங்கள் முதலில் போக வேண்டியது உங்கள் பிரிவு அலுவலகத்துக்குத்தான். அங்கே பொறுப்பு உதவி மின்பொறியாளர், சுருக்கமாக ஏ.இ. அவருக்கு மேலே உபகோட்டத்தில் உதவி செயற்பொறியாளர், கோட்டத்தில் செயற்பொறியாளர், வட்டத்தில் மேற்பார்வைப் பொறியாளர்.

விலை நிர்ணயம் இவர்கள் கையில் இல்லை. அது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் வேலை. "ஏன் விலையை ஏத்தினீங்க" என்று கவுன்டரில் இருப்பவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. கணக்கு தப்பு என்றால் மட்டும் அங்கே பேசுங்கள்.

பில் எப்படிக் கணக்காகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் எந்தப் புகாரும் எடுபடாது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. 2016 மே மாத அறிவிப்பின்படி முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். விலை அவ்வப்போது மாறுவதால், கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று 2022 செப்டம்பர் 10இல் அமலான விகிதத்தை எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு விலை கூடியிருக்கிறது, எனவே உங்கள் பில்லைச் சரிபார்க்கும்போது நடப்பு விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த விகிதத்தில், மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால், அந்த 2.25 ரூபாய்ப் படியே காணாமல் போகும். 101 முதல் 400 வரை எல்லாம் 4.50, அடுத்த 100 யூனிட் 6 ரூபாய், 501 முதல் 600 வரை 8 ரூபாய், 601 முதல் 800 வரை 9 ரூபாய் என்று மேலே போகும்.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியாக 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 யூனிட் ஓடினால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுகிறது. "போன தடவையை விடக் கொஞ்சம்தான் அதிகமாப் பயன்படுத்தினோம், பில் எப்படி இவ்வளவு ஏறிச்சு" என்று கேட்பவர்களில் நிறையப் பேர் இந்த 500 என்ற கோட்டைத் தெரியாமல் தாண்டியவர்கள். மீட்டரில் கோளாறு எதுவும் இருக்காது.

60 நாளில் 500 யூனிட் என்றால் ஒரு நாளைக்கு 8 யூனிட்டுக்குச் சற்று மேல். பழைய வகை ஒன்றரை டன் ஏசியை இரவு முழுக்க ஓடவிட்டால் அதுவே அந்த அளவைத் தொட்டுவிடும். இரண்டு கிலோவாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பிரிட்ஜ் சுமாராக நாளுக்கு ஒரு யூனிட். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 30ஆம் நாள் மீட்டரைப் பாருங்கள். 250க்கு மேல் ஓடியிருந்தால் மீதி ஒரு மாதம் ஏசியைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம். எங்கள் வீட்டு காலண்டரில் அந்த நாளில் ஒரு வட்டம் போட்டு வைப்போம்.

தாமதமான ரீடிங்கும் பூட்டிய கதவும்

நியாயமான குறைகள் அதிகம் வரும் இடம் இதுதான்.

ஒரு வீட்டில் நாளுக்குச் சரியாக 8 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60ஆம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், மேலே சொன்ன விகிதத்தில் 1,605 ரூபாய். கணக்கெடுப்பவர் 65ஆம் நாள் வந்தால் 520 யூனிட். இப்போது 2,110 ரூபாய். அடுத்த சுற்று 55 நாளில் முடியும், அப்போது 440 யூனிட்டுக்கு 1,365 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 3,475. ஒழுங்காக 60 நாளுக்கு ஒரு முறை எடுத்திருந்தால் 3,210தான். யாரும் ஒரு யூனிட் கூட அதிகம் பயன்படுத்தவில்லை, ஆனாலும் 265 ரூபாய் கூடிவிட்டது. தினக்கூலிக்குப் போகும் ஒரு குடும்பத்துக்கு அது ஒரு வாரக் காய்கறிச் செலவு. மாதம் ஒரு முறை கணக்கெடுக்க வேண்டும் என்று மக்கள் கேட்பதில் இந்தக் கவலையும் இருக்கிறது.

இதற்கு நீங்கள் செய்யக்கூடியது, ரீடிங் எடுக்கும் தேதிகளைக் குறித்து வைப்பது. ரீடிங்கைக் குறித்து வைக்கும் வெள்ளை அட்டை இருந்தால் கணக்கெடுப்பவரிடம் கேட்டு அதில் எழுதி வாங்குங்கள். "அண்ணா, அட்டையில போட்டுட்டுப் போங்க" என்று சொன்னால் பெரும்பாலும் போட்டுத் தருவார்கள். நாள் தள்ளிப்போனால் அன்றே மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போன நாட்களைக் கணக்கில் கொண்டு விகிதாசாரப்படி பில்லைத் திருத்தச் சொல்லி எழுத்தில் கேட்க அந்தப் படம்தான் ஆதாரம்.

பூட்டிய கதவு இன்னும் பெரிய சிக்கல். வீட்டில் ஆள் இல்லாமல், மீட்டரும் கேட்டுக்கு உள்ளே இருந்தால், அந்தச் சுற்றுக்கு முந்தைய கணக்கை வைத்து ஒரு தொகை போடுவார்கள். அடுத்த முறை ரீடிங் எடுக்கும்போது நான்கு மாத யூனிட்டும் மொத்தமாகத் தெரியும். அந்த யூனிட்டை இரண்டு சுற்றுக்கும் பிரித்துப் போட்டிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். நான்கு மாதத்தில் 700 யூனிட் என்றால், இரண்டாகப் பிரித்து 350, 350 என்று போடும்போது தலா 900, மொத்தம் 1,800 ரூபாய். பிரிக்காமல் ஒரே சுற்றாகப் போட்டால் 3,650 ரூபாய். நூறு யூனிட் இலவசமும் ஒரு முறைதான் கிடைத்திருக்கும். ஏற்கெனவே கட்டிய தொகை கழிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 2020 ஊரடங்கில் வீடு வீடாக ரீடிங் எடுக்க முடியாமல், பின்னால் நான்கு மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்துக் கணக்கிட்டபோது தமிழ்நாடு முழுக்க இதே கேள்விதான் எழுந்தது, வழக்காகி உயர் நீதிமன்றம் வரை போனது.

ஊருக்குப் போவதாக இருந்தால் மீட்டர் போட்டோவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் அனுப்பி வைத்துவிட்டுப் போங்கள். ரீடிங் எடுக்க வருபவரிடம் அவர் காட்டட்டும். ஏற்றுக்கொண்டால் நல்லது. இல்லை என்றாலும் உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

பில் திடீரென்று ஏறினால்

ஆபீஸுக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் வீட்டிலேயே செலவழியுங்கள்.

முதலில், பில்லில் இருக்கும் தற்போதைய ரீடிங்கையும் மீட்டரில் இப்போது ஓடும் எண்ணையும் ஒப்பிடுங்கள். பில் எண்ணை விட மீட்டர் எண் குறைவாக இருந்தால் எழுதும்போதோ பதிவு செய்யும்போதோ தப்பு நடந்திருக்கிறது. ஒரு இலக்கம் மாறியிருக்கும். இது தீர்ப்பதற்கு மிகச் சுலபமான வகை, உடனே படம் எடுத்துவிடுங்கள்.

மீட்டர் எண் சரியாக இருந்தால் கசிவைத் தேடுங்கள். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும். கரண்ட் போகப் போக அது மினுங்கும். வீட்டில் பிரிட்ஜ், இன்வெர்ட்டர், மோட்டார், டிவியின் ஸ்டாண்ட்பை உள்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்த விளக்கையே ஐந்து நிமிடம் பாருங்கள். அது மினுங்கினால் எங்கோ கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது.

அம்மா இருந்த வீட்டில் எனக்கு இப்படி ஆனது. 400 யூனிட்டைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்த வீட்டில் ஒரு குளிர்காலத்தில் 640 வந்தது. மீட்டர்தான் தப்பாக வேகமாக ஓடுகிறது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஆனாலும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தபோது காலை ஆறரை மணிக்கு அந்தச் சிவப்பு விளக்கு படபடவென்று மினுங்கியது. ஒவ்வொரு லைனுக்கும் தனியாக இருக்கும் சுவிட்சுகளை, அதாவது எம்.சி.பி.க்களை, ஒவ்வொன்றாக இறக்கினேன். பெயர் எழுதாத ஒரு எம்.சி.பி.யை இறக்கியதும் விளக்கு நின்றது. மாடியிலிருந்து "அக்கா, கீசர்ல கரண்ட் வரலையே" என்று குரல் வந்தது. வீட்டைப் போர்ஷனாகப் பிரித்தபோது மாடிக் குளியலறை லைனை எங்கள் பக்கத்திலேயே விட்டிருக்கிறார்கள். மாடியில் குடிவந்தவர்கள் புது கீசர் மாட்டியதும் அவர்களுக்கும் தெரியாமல் எங்கள் மீட்டர் ஓடியிருக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து அரை நாளில் வயரை மாற்றினார். அடுத்த பில் 410. அன்று நேராக ஆபீஸுக்குப் போயிருந்தால் எந்தத் தப்பும் செய்யாத ஒருவரிடம் கத்திவிட்டு வந்திருப்பேன்.

கசிவு இல்லை என்றால் மீட்டரை ஓரளவு நீங்களே சோதிக்கலாம். மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மினுங்கும் என்று அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் 3200. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1500 வாட் மின் கெட்டிலை மட்டும் போட்டு, தண்ணீர் கொதிப்பதற்குள் ஒரு நிமிடம் எண்ணுங்கள். 3200 மீட்டரில் சுமார் 80 முறை மினுங்க வேண்டும். வோல்ட்டேஜைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், 70க்கும் 90க்கும் நடுவே இருந்தால் கவலை வேண்டாம். 120, 130 என்று போனால் மீட்டர் சோதனைக்கு எழுதிக் கொடுக்க நல்ல காரணம் கிடைத்துவிட்டது. ஒருவர் நேரத்தைப் பார்க்க, இன்னொருவர் எண்ண, செல்போனில் வீடியோவும் எடுத்துவிட்டால் நல்லது.

மீட்டரின் சீலை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள், எலக்ட்ரீஷியனையும் தொடவிடாதீர்கள். சீல் உடைந்திருந்தால் உங்கள் புகார் அங்கேயே முடிந்து, உங்கள் மேல் வேறு நடவடிக்கை தொடங்கிவிடும். குடிவரும் நாளிலேயே சீல் உடைந்திருந்தால் அன்றே படம் எடுத்துப் பிரிவு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எழுதிக் கொடுப்பது

வாயால் சொன்னது எங்கேயும் பதிவாவதில்லை. ஒரு பக்கத்துக்குள் கடிதம் எழுதுங்கள். கோபம், வரலாறு, அரசியல் எதுவும் வேண்டாம். எண்ணும் தேதியும் கோரிக்கையும் போதும். இப்படி:

"பெறுநர்: உதவி மின்பொறியாளர் அவர்கள், (பிரிவு அலுவலகத்தின் பெயர்).

பொருள்: மின் இணைப்பு எண் (உங்கள் எண்), தவறான ரீடிங்கைத் திருத்தக் கோருதல்.

ஐயா/அம்மா, ஆகஸ்ட் 6 அன்று எடுத்த கணக்கில் எங்கள் மீட்டர் ரீடிங் 14,778 என்று பதிவாகி, 488 யூனிட்டுக்குக் கட்டணம் வந்துள்ளது. மூன்று நாள் கழித்து ஆகஸ்ட் 9 அன்று மீட்டரில் 14,731தான் உள்ளது. தேதி தெரியும் படம் இணைத்துள்ளேன். மீட்டரை நேரில் பார்வையிட்டு, ரீடிங்கையும் கட்டணத்தையும் திருத்தித் தருமாறும், அதுவரை இணைப்பைத் துண்டிக்காமல் இருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். "சார், ஒரு அக்னாலட்ஜ்மென்ட் மட்டும் போட்டுக் கொடுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். நேரில் போக முடியாதவர்கள் மின்சாரப் புகார் மையமான மின்னகத்தை அழைக்கலாம். 2021 ஜூனில் தொடங்கிய இந்தச் சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது, எண் 94987 94987. அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்து வைத்து, பின்னால் எழுதும் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரே பழுது என்று சந்தேகப்பட்டால் கடிதத்தில் மீட்டர் சோதனை வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். கட்டணம் கட்ட வேண்டும். மீட்டரைக் கழற்றும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து, கழற்றிய ரீடிங்கையும் புது மீட்டரின் தொடக்க ரீடிங்கையும் படம் எடுங்கள். மீட்டர் மாற்றிய சுற்றில் கணக்குப் பிசகுவது சகஜம். மீட்டர் ஓடாமல் நின்றிருந்த காலத்துக்கு முந்தைய நான்கு மாதச் சராசரியை வைத்துக் கணக்கிடுவது வழக்கம். அந்த நான்கு மாதத்தில் கோடைகாலம் இருந்து, மீட்டர் நின்றது மழைக்காலம் என்றால் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

தகராறு நடக்கும்போது பில்லைக் கட்டலாமா

கட்டாமல் உட்கார்ந்துவிடாதீர்கள். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும், தவறினால் இணைப்பைத் துண்டிக்கலாம், மறுபடி இணைக்கக் கட்டணம் தனி. ஆனால் சட்டம் உங்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, துண்டிப்பதற்கு முன் முழுதாக 15 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். கணக்கில் தகராறு இருந்தால், பில் தொகையை "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கட்டலாம். அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணத்தைக் கட்டலாம். இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. இதைக் கவுன்டரில் சொன்னால் புரியாமல் போகலாம், கடிதத்தில் பிரிவு எண்ணோடு எழுதி ஏ.இ.யிடம் கொடுங்கள்.

இன்னொன்று, எப்போதோ விட்டுப்போன கணக்கு என்று சொல்லி நான்கைந்து வருடப் பழைய பாக்கியைத் திடீரென்று கேட்டால் அதே 56ஆம் பிரிவைப் பாருங்கள். கட்ட வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு தாண்டி, பில்களில் தொடர்ந்து பாக்கியாகக் காட்டப்படாத தொகைக்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது.

பிரிவு அலுவலகத்தில் தீரவில்லை என்றால்

கோட்டச் செயற்பொறியாளரைப் பார்க்கலாம், குறைதீர் நாள் கூட்டங்களில் மனு கொடுக்கலாம். நான் அங்கே அதிக நாள் காத்திருக்கச் சொல்லமாட்டேன். நேராக மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு மனு போடுங்கள். மின்சாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் சொல்லப்பட்ட அமைப்பு அது. ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்திலும் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், நீங்களே போய்ப் பேசலாம். உங்கள் கடிதப் பிரதிகள், பில்கள், போட்டோக்கள், வெள்ளை அட்டையின் நகல் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எண் போட்டுக் கொண்டுபோங்கள். அடுக்கிய கோப்பைப் பார்த்ததுமே பேச்சின் தொனி மாறும்.

மன்றத்தின் உத்தரவு திருப்தியாக இல்லை என்றால், அது கையில் கிடைத்த 30 நாளுக்குள் மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த 30 நாளைத் தவறவிடாதீர்கள், உத்தரவு வந்த உறையைக் கூட வைத்திருங்கள்.

ஆவணம் கையில் இல்லாதவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டு, தங்கள் இணைப்பின் ரீடிங் விவரங்கள், மீட்டர் மாற்றிய விவரம், சோதனை அறிக்கை ஆகியவற்றைக் கேட்கலாம். பதில் 30 நாளில் வர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டு இணைப்பில் கடை நடத்துவது, அனுமதி இல்லாமல் வேறு இடத்துக்கு லைன் இழுப்பது போன்றவை மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் வரும், இந்த மன்றங்களுக்கு வராது. அங்கே கணக்கு இருமடங்கு விகிதத்தில் போடப்படும். மேல்முறையீட்டுக்கும் பாதித் தொகையை முதலில் கட்ட வேண்டும். வீட்டுக்கு முன்னால் சின்னதாகக் கடை போடும் எண்ணம் இருந்தால் முதலிலேயே வணிக இணைப்பு வாங்கிவிடுங்கள்.

கரண்ட் போனால், வோல்ட்டேஜ் ஆடினால்

உங்கள் வீட்டில் மட்டும் போயிருக்கிறதா, தெரு முழுக்கவா, பாதித் தெருவா என்று பார்த்துவிட்டுப் போன் செய்யுங்கள். "எங்க வீட்டுல மட்டும் இல்லை, ஃபியூஸ் போயிருக்கும்" என்பதற்கும் "ஒரு பேஸ் மட்டும் வரலை" என்பதற்கும் வேறு வேறு ஆள், வேறு வேறு வேலை. விளக்குகள் சில மங்கலாகவும் சில கண் கூசும்படியும் எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கலாம். யோசிக்காமல் மெயினை இறக்குங்கள், பிரிட்ஜையும் டிவியையும் காப்பாற்ற அதுதான் வழி. வோல்ட்டேஜ் அடிக்கடி குறைந்தால் மீட்டர் திரையில் வரும் வோல்ட்டேஜை வெவ்வேறு நேரங்களில் படம் எடுத்துக் கடிதத்தோடு கொடுங்கள். "வோல்ட்டேஜ் இல்ல சார்" என்பதை விட "மாலை 7 மணிக்கு 168 வோல்ட்" என்பது டிரான்ஸ்பார்மர் வரை போகும். தெருவில் வயர் அறுந்து கிடந்தால் யாரும் கிட்டே போகாமல் ஒருவரை நிற்க வைத்துவிட்டு மின்னகத்தை அழையுங்கள்.

சேவையில் தாமதத்துக்கு ஆணையம் கால வரம்பும் இழப்பீடும் வைத்திருக்கிறது. எழுதிக் கேட்டு வையுங்கள்.

மோசடிக் குறுஞ்செய்தி

"உங்கள் மின் இணைப்பு இன்றிரவு 9.30 மணிக்குத் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழைக்கவும்" என்று தனி நபரின் செல்போன் எண்ணிலிருந்து வரும் செய்தி மோசடி. அழைத்தால் ஒரு செயலியை இறக்கச் சொல்லி வங்கிக் கணக்கைக் காலி செய்வார்கள். வயதானவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள், அதனால் அம்மா அப்பாவிடம் இதை ஒரு முறை உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். பாக்கி இருக்கிறதா என்று அதிகாரப்பூர்வ செயலியில் நீங்களே பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

வீட்டைக் காலி செய்யும் நாளில்

சாமான் வண்டியில் ஏறிய பிறகு கடைசியாக ஒரு முறை மீட்டருக்குப் போங்கள். முதல் நாள் எடுத்தது போலவே மீட்டர் எண்ணும் யூனிட்டும் தெரியும்படி படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி, அதுவரை ஓடிய யூனிட்டுக்குக் கணக்குப் போட்டு அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் செல்போன் எண்ணை இணைப்பிலிருந்து எடுக்கச் சொல்ல மறக்காதீர்கள். பில் ரசீதுகளையும் படங்களையும் இரண்டு வருடமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.